நீலகிரித் தைலமும் விண்டர்கிரீனும்: ஒரு குவிலென்ஸின் திறனைச் சுழியாக்கும் செய்முறை

ஆய்வகத்துக்கு வாங்கும் குவிலென்ஸின் உறையில் ‘10 செ.மீ.’ என்று எழுதியிருக்கும். அந்த எண் காற்றுக்கு மட்டுமே பொருந்தும். அதே லென்ஸைத் தண்ணீருக்குள் வைத்தால் குவியத் தொலைவு 37 செ.மீ.யைத் தாண்டும். நீலகிரித் தைலத்தில் வைத்தால் 135 செ.மீ. அளவுக்குப் போகும். விண்டர்கிரீன் தைலத்தில் வைத்தால் குவிக்கவே செய்யாது, கதிர்களை விரித்துவிடும்.

இந்த இரண்டு தைலமும் ஊட்டி, குன்னூர் கடைகளில் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. ஒன்றின் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் எண்) சாதாரணக் கண்ணாடியின் எண்ணுக்குக் கீழே, மற்றதன் எண் அதற்கு மேலே. இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் லென்ஸின் திறன் சுழியாகும், லென்ஸே பார்வையிலிருந்து மறையும். விலை உயர்ந்த ஆய்வக ரசாயனம் எதுவும் வேண்டாம். சூழ்ந்திருக்கும் ஊடகம் லென்ஸை என்ன செய்கிறது என்பதைக் கரும்பலகையில் சூத்திரமாக எழுதிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. நீலகிரியில் அதற்குக் காரணமே இல்லை.

முதலில் கணக்கு

லென்ஸை நீளமான தொட்டியில் மூழ்க வைத்துத் திரையைத் தொட்டிக்குள்ளேயே நகர்த்தி அளப்பது ஒரு வழி. தண்ணீருக்கு அது சரி. தைலத்துக்கு ஒன்றரை மீட்டர் நீளத் தொட்டியும் லிட்டர் லிட்டராகத் தைலமும் வேண்டியிருக்கும். அதனால் இங்கே மெல்லிய கண்ணாடிக் கூடு ஒன்றைச் செய்கிறோம். தட்டையான இரண்டு சுவர்கள், நடுவே 12 மி.மீ. இடைவெளி, அதற்குள் லென்ஸ், சுற்றிலும் திரவம். 40 மி.லி. போதும். பொருளும் திரையும் வெளியே, காற்றிலேயே இருக்கும்.

கூட்டுக்குள் நடப்பது இதுதான். தட்டைச் சுவருக்கும் லென்ஸின் புடைத்த பரப்புக்கும் நடுவே நிற்கும் திரவம் ஒரு குழிலென்ஸ். லென்ஸுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கண்ணாடி கூட்டும் திறனிலிருந்து இந்த இரண்டு திரவக் குழிலென்ஸ்களும் தங்கள் பங்கைக் கழிக்கின்றன. கண்ணாடியின் எண் 1.517, காற்றில் திறன் 10 டயாப்டர் (100-ஐச் செ.மீ.யில் உள்ள குவியத் தொலைவால் வகுத்தால் டயாப்டர், இங்கே 100 ÷ 10) என்று கொண்டால்:

கூட்டின் திறன் = 10 × (1.517 − திரவத்தின் எண்) ÷ 0.517

தண்ணீரின் எண் 1.333. அது 6.44 டயாப்டரைக் கழித்துவிடுகிறது, மிச்சம் 3.56. கூட்டின் குவியத் தொலைவு 28.1 செ.மீ. லென்ஸ் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்து, கதிர்களும் தண்ணீருக்குள்ளேயே குவிந்தால் எவ்வளவு என்று அறிய இந்த 28.1-ஐ 1.333-ஆல் பெருக்க வேண்டும். 37.5 செ.மீ. வரும். பரப்புகளின் வளைவிலிருந்து குவியத் தொலைவைத் தரும் ‘லென்ஸ் செய்வோர் சமன்பாட்டில்’ கண்ணாடியின் எண்ணைத் திரவத்தின் எண்ணால் வகுத்துப் போட்டாலும் இதே விடைதான் கிடைக்கும்.

மற்றத் திரவங்களுக்கு வர வேண்டிய அளவுகள் கீழே. முதல் எண் கூட்டின் திறன், இரண்டாவது கூட்டை வெளியிலிருந்து அளந்தால் வரும் குவியத் தொலைவு, மூன்றாவது லென்ஸ் அந்தத் திரவத்துக்குள்ளேயே குவிக்கும் தொலைவு.

தண்ணீர் (1.333): 3.56 டயாப்டர், 28.1 செ.மீ., 37.5 செ.மீ.
சர்க்கரைப் பாகு, எடையில் பாதி சர்க்கரை (1.420): 1.88 டயாப்டர், 53.3 செ.மீ., 75.7 செ.மீ.
நீலகிரித் தைலம் (1.461): 1.08 டயாப்டர், 92.3 செ.மீ., 135 செ.மீ.
கிளிசரின் (1.473): 0.85 டயாப்டர், 117.5 செ.மீ., 173 செ.மீ.
விண்டர்கிரீன் (1.536): −0.37 டயாப்டர், −272 செ.மீ., −418 செ.மீ.

குவியத் தொலைவுகளைப் பார்த்தால் எண்கள் தாறுமாறாகத் தாவுவதுபோல் இருக்கும். திறனைப் பார்த்தால் குழப்பம் தீரும். திரவத்தின் எண்ணைக் கிடை அச்சிலும் கூட்டின் திறனைச் செங்குத்து அச்சிலும் போட்டால் ஒரே நேர்கோடு. அந்தக் கோடு கிடை அச்சை வெட்டும் இடம்தான் கண்ணாடியின் ஒளிவிலகல் எண். மாணவர்களுக்கு இந்த வரைபடத்தைப் போடச் சொல்வது சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

கூடு

50 மி.மீ. விட்டமும் 10 செ.மீ. குவியத் தொலைவும் உள்ள இருபுறக் குவிலென்ஸ் நடுவில் ஏறத்தாழ 8 மி.மீ. தடிமன் இருக்கும். 12 மி.மீ. இடைவெளியில் தாராளமாக நிற்கும். லென்ஸ் கண்ணாடியால் ஆனதுதானா என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். மலிவான பூதக்கண்ணாடிகளில் பல அக்ரிலிக். அக்ரிலிக்கின் எண் 1.49, மேலே உள்ள கணக்கு பொருந்தாது. அதைவிட மோசம், விண்டர்கிரீன் பட்டால் அக்ரிலிக்கில் வலைபோல் நுண்விரிசல் ஓடும். பல்லில் மெல்லத் தட்டிப் பார்த்தால் கண்ணாடி ‘டிக்’ என்று கூர்மையாக ஒலிக்கும், பிளாஸ்டிக் மந்தமாக ஒலிக்கும். கையில் பிடித்தவுடன் சில்லென்று இருப்பதும் கண்ணாடிதான்.

கண்ணாடிக் கடையில் 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடியில் வெட்டி வாங்க வேண்டியவை: 80 × 100 மி.மீ. தகடு இரண்டு, 10 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் உள்ள பட்டி மூன்று, 10 மி.மீ. அகலமும் 90 மி.மீ. நீளமும் உள்ள பட்டி ஆறு. பட்டிகளை மூன்று மூன்றாக அடுக்கினால் 12 மி.மீ. இடைவெளி தானாக அமையும். 12 மி.மீ. அகலத்தில் ஒரே பட்டியை நிமிர்த்தி ஒட்டும் யோசனை வரும், வேண்டாம். கையால் வெட்டிய அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கும், இரண்டு சுவர்களும் இணையாக நிற்காது. தகட்டின் தடிமன் தொழிற்சாலையில் வருவது, அதை நம்பலாம். சுவர்கள் கொஞ்சம் சாய்ந்துவிட்டால் பிம்பம் பக்கவாட்டில் நகரும், நிற விளிம்பு சேரும். குவியத் தொலைவு பெரிதாக மாறாது, ஆனால் பிம்பத்தைத் தேடிப் பிடிப்பது தொல்லை.

வெட்டு விளிம்புகளை 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மழுங்கச் செய்யவும். பிறகு சோப்பு, தண்ணீர், கடைசியாக ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டும் பரப்பில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

பசை விஷயத்தில்தான் பலருக்குக் கூடு ஒழுகுகிறது. மீன் தொட்டிக்குப் போடும் சிலிக்கோன் தண்ணீருக்கும் பாகுக்கும் நன்றாகத் தாங்கும். நீலகிரித் தைலத்தில் அது ஊறி உப்பி, மூலையில் கழன்று வரும். தைலத்துக்கென்றால் மெதுவாக இறுகும் இரட்டைக் குழாய் எப்பாக்ஸியைப் பயன்படுத்தவும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், அது தைலத்துக்கு அவ்வளவாகத் தாங்காது. மெதுவகை எப்பாக்ஸி சமவெளியில் ஒரு நாளில் இறுகிவிடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் அறைக்குள்ளேயே 12 டிகிரிதான் இருக்கும், அந்தக் குளிரில் அது பல நாள் பிசுபிசுவென்றே கிடக்கும். ஒட்டிய கூட்டைத் துணி உலர்த்தும் கிளிப்புகளால் இறுக்கி, ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பழைய 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்றை அட்டையில் படாமல் எரியவிட்டால் வேண்டிய சூடு கிடைக்கும். இரவு முழுக்க ஆளில்லாமல் எரியவிட வேண்டாம். பகலில் கூடவே இருந்து எட்டு மணி நேரம் வைத்து, மறுநாளும் அப்படியே செய்தால் போதும். எப்பாக்ஸியின் இரண்டு குழாயும் குளிரில் கெட்டியாகிவிடுவதால், கலப்பதற்கு முன் வெந்நீர் டம்ளரில் குழாய்களை நிறுத்தி வைத்தால் நன்றாகக் கலக்கும், குமிழியும் குறையும்.

லென்ஸ் கூட்டின் நடுவே நேராக நிற்க, அடியில் இரண்டு சிறு கண்ணாடித் துண்டுகளை ‘ட’ வடிவில் ஒட்டலாம், அல்லது செம்புக் கம்பியை வளைத்துப் பிடிப்பான் செய்யலாம். ரப்பர் வளையம், தெர்மாகோல் துண்டு இரண்டும் கூடாது. ரப்பர் தைலத்தில் ஊதிவிடும். தெர்மாகோல் நீலகிரித் தைலம் பட்டவுடன் கண்ணெதிரே உருகிப் பசையாகும், லென்ஸ் மேல் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

தைலம் வாங்குவதும் சோதிப்பதும்

நீலகிரித் தைலத்தின் எண் மருந்துத் தர அளவில் 1.458 முதல் 1.470 வரை. இடைவெளி பெரியது, ஏனென்றால் மரத்தின் வகை, வடிப்பு, தைலத்தின் முக்கியப் பொருளான சினியோலின் அளவு எல்லாம் மாறும். கலப்படத்தை இந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. திரவ பாரஃபினின் எண்ணும் ஏறத்தாழ இதே எல்லைக்குள் விழுவதுதான் காரணம். நம் வேலைக்கு அது பெரிய தடையில்லை, தண்ணீர் சேர்ந்து கலங்கியிருக்கக் கூடாது என்பது மட்டுமே முக்கியம்.

விண்டர்கிரீன் விஷயம் வேறு. நீலகிரிச் சோலை ஓரங்களில் வளரும் கால்தீரியா செடியின் இலையிலிருந்து வடிக்கும் விண்டர்கிரீன் தைலம் ஏறத்தாழ முழுக்க மீதைல் சாலிசிலேட். கடைப் புட்டிகளில் பெரும்பாலும் ஆலையில் தயாரித்த மீதைல் சாலிசிலேட்தான் வரும். ஒளிவிலகலுக்கு இரண்டும் ஒன்றே: 1.535 முதல் 1.538. ஆனால் தேய்ப்புத் தைலமாக விற்கும் புட்டிகளில் அதை வேறு எண்ணெயில் கலந்து தருவார்கள், எண் 1.50-க்குக் கீழே இறங்கியிருக்கும். அதில் லென்ஸைப் போட்டுவிட்டு ‘லென்ஸ் கதிரை விரிக்கவில்லையே’ என்று தேடுவது வீண். கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடவும். மீதைல் சாலிசிலேட்டின் அடர்த்தி ஒரு மி.லி.க்கு 1.18 கிராம். சுத்தமானது உருண்டு அடியில் போய் உட்காரும். மிதந்தாலோ நடுவில் தொங்கினாலோ கலப்பு. நீலகிரித் தைலத்தின் அடர்த்தி 0.91, அது எப்போதும் மேலேயே நிற்கும்.

விண்டர்கிரீன் மணம் மிட்டாய்போல் இருப்பதால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மிகுந்த கவனம் தேவை. ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. பள்ளியில் செய்தால் புட்டி ஆசிரியர் கையில் மட்டுமே இருக்க வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும், தோலில் பட்டால் உடனே சோப்பால் கழுவ வேண்டும். நீலகிரித் தைலம் தீப்பற்றும். ஆகவே மெழுகுவத்தியை ஒளிமூலமாக வைக்கும் பழைய பள்ளி முறை இங்கே கூடவே கூடாது. சூரிய ஒளியைக் குவித்துப் பார்ப்பதும் அப்படியே.

பாகுக்கு 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் தண்ணீர். எடையில் அளக்க வேண்டும், டம்ளர் கணக்கு உதவாது. கரைந்ததும் உடனே அளக்கக் கூடாது. கலங்காத பாகுபோல் தோன்றினாலும் உள்ளே அடர்ந்த அடுக்கும் நீர்த்த அடுக்கும் தனித்தனியாக நிற்கும், கதிர்கள் வளைந்து பிம்பம் நெளியும். நன்கு கலக்கி அரைமணி நேரம் விட்டு, கூட்டின் பின்னால் கட்டம் போட்ட நோட்டைப் பிடித்தால் கோடுகள் நேராகத் தெரிய வேண்டும்.

கிளிசரின் ஈரம் உறிஞ்சும். ஜூன், ஜூலை மழையில் மூடி திறந்தே வைத்த புட்டியில் எண் மெல்லமெல்ல இறங்கிவிடும். புதுப் புட்டியைத் திறந்தவுடன் அளந்துவிடுவது நல்லது. தேங்காய் எண்ணெயையும் முயலலாமே என்று தோன்றும். அது 24 டிகிரிக்குக் கீழே உறைவது, மலையில் ஆண்டில் பெரும்பகுதி வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும்.

தண்ணீருக்கும் ஒரு குறிப்பு. குழாய்த் தண்ணீர் குளிர்ந்திருக்கும், அதில் கரைந்த காற்றும் அதிகம். அறைக்குள் சற்றுச் சூடேறியதும் லென்ஸ் முழுக்க முத்துமுத்தாகக் குமிழி ஒட்டும், பிம்பம் பஞ்சடையும். ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த தண்ணீரை ஊற்றவும். ஊட்டி உயரத்தில் (ஏறத்தாழ 2,240 மீட்டர்) தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றை வெளியேற்ற அது தாராளம்.

அளவெடுத்தல்

தொலைதூரப் பொருள்தான் எளிது. மலைச்சரிவில் இருப்பவர்களுக்கு இரவில் எதிர்ச்சரிவு வீடுகளின் விளக்குகள் இருக்கின்றன. இருட்டுப் பின்னணியில் ஒரு புள்ளி ஒளி, கிலோமீட்டர் தொலைவில். இதைவிட நல்ல ஒளிமூலம் கிடைக்காது. பகலில் தொட்டபெட்டா முகடு தெரிந்தாலும் அதன் விளிம்பு மங்கல், திரையில் கூர்மை பார்ப்பது கடினம். மூடுபனி இறங்கிவிட்டால் நீண்ட தாழ்வாரத்தின் கோடியில், 10 மீட்டர் தள்ளி, எல்.இ.டி. டார்ச்சின் முன் ஊசித்துளை போட்ட அட்டையை வைக்கலாம். அப்போது வரும் 0.1 டயாப்டர் வேறுபாட்டைக் கழிக்கும் வழி பின்னால் வருகிறது.

முதலில் வெறும் கூட்டில் லென்ஸை வைத்து, திரவம் இல்லாமல் அளக்கவும். லென்ஸின் நடுவிலிருந்து திரைவரை 10.1 செ.மீ. போல வர வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டர்ச் சொச்சம் பின்சுவர்க் கண்ணாடியின் வேலை. 4 மி.மீ. தட்டைக் கண்ணாடி குவியும் கதிரை 1.4 மி.மீ. பின்னால் தள்ளும். தண்ணீர் ஊற்றினால் திரவ அடுக்கும் சேர்ந்து இந்தத் தள்ளல் 3 மி.மீ. அளவாகும். அதைக் கழித்துவிட்டு எழுதவும். கழித்தபின் 27.5 முதல் 28.7 வரை வந்தால் கூடு நன்றாக இருக்கிறது.

இந்த இரண்டு அளவையும் வைத்தே கண்ணாடியின் எண்ணைத் தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். தண்ணீர்க் கூட்டின் தொலைவைக் காற்றுத் தொலைவால் வகுக்கவும். 2.81 வந்ததாகக் கொள்வோம். அதை 1.333-ஆல் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2.746. அதை 1.81-ஆல் (2.81 − 1) வகுத்தால் 1.517. 2.81-க்குப் பதில் 2.75 வந்திருந்தால் விடை 1.523. அளவில் 2 சதவீதப் பிழை இருந்தாலே மூன்றாவது தசமம் 6 மாறிவிடுகிறது என்பதைக் கவனிக்கவும். துல்லியமான விடை தைலக் கலவையில்தான் கிடைக்கும்.

நீலகிரித் தைலம், கிளிசரின் இரண்டுக்கும் நேரடி அளவு ஒரு மீட்டர் பக்கம் போவதால் பிம்பம் மங்கும், எங்கே கூர்மை என்று சொல்லவே முடியாமல் திரையை 5 செ.மீ. நகர்த்தினாலும் ஒன்றுபோல் தெரியும். விண்டர்கிரீனுக்குப் பிம்பமே திரையில் விழாது. இவற்றுக்கு ஒரு துணை லென்ஸ் வேண்டும். +2.00 பவர் வாசிப்புக் கண்ணாடி, தெருக்கடையில் கிடைப்பது, அருமையாகப் பொருந்தும். குவியத் தொலைவு 50 செ.மீ. அது காற்றிலேயே இருக்கப்போவதால் பிளாஸ்டிக் என்றாலும் கவலையில்லை.

முதலில் துணை லென்ஸ் மட்டும்: திரைவரை எவ்வளவு என்று அளந்து, 100-ஐ அந்தச் செ.மீ. அளவால் வகுத்தால் டயாப்டர். பிறகு துணை லென்ஸுக்கு முன்னால், ஒட்டினாற்போல் கூட்டை நிறுத்தி மறுபடி அளக்கவும். இரண்டாவது டயாப்டரிலிருந்து முதலாவதைக் கழித்தால் கூட்டின் திறன். ஒளிமூலம் 10 மீட்டரில் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு அளவிலும் அதே 0.1 இருப்பதால் கழித்தலில் போய்விடும். விண்டர்கிரீன் கூட்டை வைத்தால் பிம்பம் 50 செ.மீ.யிலிருந்து 61 செ.மீ.க்கு ஓடும். குவிலென்ஸ் ஒன்றை நடுவே வைத்தும் பிம்பம் பின்னால் போகிறது, இதுதான் இந்தச் சோதனையின் உயிர். நீலகிரித் தைலக் கூட்டை வைத்தால் 32 செ.மீ. பக்கம் முன்னால் வரும்.

கூட்டுக்கும் துணை லென்ஸுக்கும் உள்ள இடைவெளியைச் சும்மா விடக் கூடாது. 3 செ.மீ. இடைவெளி இருந்தால் நீலகிரித் தைலத்தில் திறன் 3 சதவீதம் கூடுதலாகக் காட்டும், தண்ணீரில் 12 சதவீதம். ஆகவே தண்ணீரைத் துணை லென்ஸோடு அளக்க வேண்டாம். விண்டர்கிரீனில் திறன் சிறிது என்பதால் பிழை ஒரு சதவீதத்தோடு நின்றுவிடும்.

சுழியைப் பிடித்தல்

24 மி.லி. விண்டர்கிரீனும் 10 மி.லி. நீலகிரித் தைலமும் கண்ணாடி டம்ளரில் கலந்து கூட்டில் ஊற்றவும். எண் 1.514 பக்கம் இருக்கும், லென்ஸ் இன்னும் திறன் மிகக் குறைந்த குவிலென்ஸ்தான். இனி விண்டர்கிரீனை மட்டும் 2 மி.லி. வீதம் கண்ணாடி ஃபில்லரால் சேர்க்கவும். பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் முனை தைலத்தில் ஊறி நடுவில் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, புகைபோல் நெளியும் இழைகள் அடங்கும்வரை பொறுத்திருக்கவும்.

சுழி எப்போது வந்தது என்பதைத் திரையை வைத்துத் தேடுவதைவிட, மூக்குக்கண்ணாடிக் கடையில் பழைய கண்ணாடியின் பவரைக் கண்டுபிடிக்கக் கையாளும் முறை நம்பகமானது. கூட்டின் வழியாகத் தூரத்துச் சன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே கூட்டை இடவலமாக அசைக்கவும். கம்பி எதிர்த்திசையில் நகர்ந்தால் லென்ஸ் இன்னும் குவிக்கிறது. அதே திசையில் நகர்ந்தால் விரிக்கிறது. நகராமல் நின்றால் சுழி. விண்டர்கிரீன் 75 சதவீதம், அதாவது 10 மி.லி. நீலகிரித் தைலத்துக்கு 30 மி.லி., வரும்போது இந்த நிலை கிட்டும். லென்ஸ் 1.523 கண்ணாடியாக இருந்தால் 80 சதவீதத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். தாண்டிப் போய்விட்டால் நீலகிரித் தைலத்தை அரை மி.லி. அரை மி.லி.யாக விட்டுத் திரும்பலாம்.

அந்த இடத்தில் லென்ஸின் வெளிக்கோடு மறையும். முழுக்க மறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பக்க விளிம்பு ஆரஞ்சாகவும் மறுபக்கம் நீலமாகவும் மின்னிக்கொண்டிருக்கும். கண்ணாடியைவிடத் தைலத்துக்கு நிறப்பிரிகை அதிகம். மஞ்சள் ஒளிக்கு இரண்டும் சமமாக இருக்கும்போது, சிவப்புக்குத் தைலத்தின் எண் சற்றுக் குறைவு, நீலத்துக்குச் சற்று அதிகம். ஆகவே ஒரே நேரத்தில் அந்த லென்ஸ் சிவப்பைக் குவிக்கிறது, நீலத்தை விரிக்கிறது. சிவப்பு எல்.இ.டி., நீல எல்.இ.டி. இரண்டையும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு நிறத்திலும் துணை லென்ஸ் தனியாக ஒரு முறை, கூட்டோடு ஒரு முறை என அளந்தால் இந்த வேறுபாடு எண்ணாகவே கிடைக்கும். துணை லென்ஸுக்கும் சொந்த நிறப்பிழை உண்டு என்பதால் நிறம் மாறும்போது அதைத் தனியாக அளக்காமல் விட்டால் விடை தவறும்.

வெப்பநிலை

இதைக் கவனிக்காமல் விட்டால் காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒத்துப்போகாது. தைலங்களின் எண் ஒரு டிகிரி ஏறினால் 0.0004, 0.0005 அளவுக்குக் குறையும். கண்ணாடியின் எண் ஏறத்தாழ அசையாது. நண்பகலில் 22 டிகிரியில் சுழிக்குக் கொண்டுவந்த கலவை, இரவில் அறை 12 டிகிரிக்கு இறங்கும்போது 0.0045 ஏறிவிடும். கூட்டின் திறன் −0.09 டயாப்டர். துணை லென்ஸோடு பிம்பம் 50 செ.மீ.யிலிருந்து 52 செ.மீ.க்கு மேல் நகர்ந்திருக்கும், மறைந்த லென்ஸ் மறுபடி கண்ணில் படும். தண்ணீரில் இந்த விளைவு சிறிது. ஆகவே தைல அளவு ஒவ்வொன்றோடும் வெப்பநிலையை எழுதவும். கூட்டின் மேல்வாயில் சிறிய வெப்பமானியைத் தொங்கவிட்டால் போதும், லென்ஸை மறைக்காமல் பார்த்துக்கொள்ளவும். கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டே அளக்கக் கூடாது. விரல் சூட்டில் ஒரு பக்கம் மட்டும் எண் குறைந்து பிம்பம் சாயும்.

உயரத்தைப் பற்றியும் கேள்வி வரும். மலையில் காற்று மெலிந்தது, அதுவும் ஊடகம்தானே? உண்மைதான். மேட்டுப்பாளையத்தில் அளந்த 10 செ.மீ. லென்ஸ் ஊட்டிக்கு வந்தால் குவியத் தொலைவு குறையும். எவ்வளவு என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அளவுகோலில் தெரியவே தெரியாது.

முழு மூழ்கலில் சரிபார்த்தல்

கூட்டில் கிடைத்த தொலைவை 1.333-ஆல் பெருக்குவது சரிதானா என்று சந்தேகப்படும் மாணவருக்கு ஒரு தடவை நேரில் காட்டிவிட வேண்டும். இரண்டடி மீன் தொட்டி, 20 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் (36 லிட்டர்), அதில் சில சொட்டுப் பால். பால் அதிகமானால் கதிர் பாதி வழியிலேயே மங்கிவிடும், சொட்டுச் சொட்டாகவே சேர்க்கவும். இரண்டு லேசர் சுட்டிகளை 2 செ.மீ. இடைவெளியில் பலகையில் பதித்து, எதிர்ச்சுவரிலும் அதே 2 செ.மீ. விழும்படி இணையாக்கவும். பக்கச்சுவருக்குச் செங்குத்தாக உள்ளே விட்டால், லென்ஸைத் தாண்டி இரு சிவப்புக் கோடுகளும் 37 செ.மீ. அருகே ஒன்றையொன்று வெட்டும். லென்ஸைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி அதே கதிரில் வைத்தால் 10 செ.மீ.யில் வெட்டும். லேசர் கண் உயரத்தில் இருக்கக் கூடாது, தொட்டியின் பின்னால் கறுப்பு அட்டை இருக்க வேண்டும்.

அதே தொட்டியில் காற்று லென்ஸையும் காட்டலாம். இரண்டு வாட்ச் கிளாஸ்களின் (ஆய்வகத்தில் பயன்படும் குழிந்த வட்டக் கண்ணாடித் தட்டு) விளிம்பைச் சிலிக்கோனால் ஒட்டினால் உள்ளே காற்று அடைத்த குவி வடிவம் கிடைக்கும். ஒவ்வொன்றின் வளைவு ஆரமும் 10 செ.மீ. என்றால், தண்ணீருக்குள் அது −20 செ.மீ. குழிலென்ஸ். அதற்குள் தண்ணீர் நிரப்பிக் காற்றில் வைத்தால் +15 செ.மீ. குவிலென்ஸ். காற்று அடைத்தது மிதக்கும், ஈயக் குண்டு கட்டி இறக்க வேண்டும். ஒரு சிறு கசிவு இருந்தாலும் உள்ளே தண்ணீர் ஏறி, பாதி உயரம்வரை லென்ஸ் திறன் இல்லாமல் நிற்கும். அவலாஞ்சி ஓடைகளின் டிரவுட் மீனுக்குக் கண் லென்ஸ் உருண்டையாக இருப்பதையும் இங்கேயே விளக்கிவிடலாம். நம் கண்ணின் திறனில் பெரும்பங்கு கருவிழிப் பரப்புக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டில் வருகிறது. தண்ணீருக்குள் அது ஏறத்தாழ இல்லாமல் போகும், முழுச் சுமையும் லென்ஸ் மேல்தான்.

கழுவுதலும் மிச்சக் கலவையும்

தைலம் தோய்ந்த லென்ஸைத் தண்ணீரில் போட்டால் வெள்ளைப் படலம் ஏறும். முதலில் பஞ்சால் ஒற்றி எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும், கடைசியில் மறுபடி ஸ்பிரிட். கூட்டில் தைலத்தை இரவு தங்கவிட வேண்டாம், எப்பாக்ஸியும் நாள்பட்டால் மென்மையாகும். மழைக்காலத்தில் லென்ஸைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

சுழிக்கு வந்த கலவையைக் கழிவுநீரில் ஊற்றக் கூடாது, ஓடைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ‘1.517, 22 டிகிரி, விஷம்’ என்று பென்சிலால் எழுதிய தாளை ஒட்டி, பூட்டிய அலமாரியில் வைக்கவும். மார்க்கர் மையும் அச்சடித்த லேபிளும் தைல ஆவியில் கரைந்து ஓடும், பென்சில் எழுத்து நிற்கும். இந்தக் கலவை மறுபடி பயன்படும். வேறொரு லென்ஸையோ பட்டகத்தையோ அதில் தொங்கவிட்டு, விளிம்பு மறைகிறதா, எந்தத் திசையில் கம்பி நகர்கிறது என்று பார்த்தால் அந்தக் கண்ணாடி 1.517-க்கு மேலா கீழா என்பது உடனே தெரிந்துவிடும்.